மருந்து அடிக்கப் போகிறவருக்கு மாஸ்க் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் மணலி புதுநகரில் இருக்கிறோம். என் கணவர் முன்பு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தார். அது போன பிறகு எட்டு மாதமாக மீஞ்சூர் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரிக்கும் வெண்டைக்கும் மருந்து அடிக்கப் போகிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் இதே வேலைதான். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வார். மருந்து அடித்த அன்று இரவு தலைவலி என்கிறார். சில நாள் பார்வை மங்குகிறது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்கிறார். நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? அவர் துணிகளை நான்தான் துவைக்கிறேன். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள்.

பதில்: சகோதரி, மாஸ்க்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த எச்சில்.

நாள் முழுக்க வெயிலில் நின்றவருக்கும் தலை வலிக்கும், குமட்டும். ஆனால் வெயில்தான் காரணம் என்றால் வாய் வறண்டிருக்கும். உங்கள் கணவருக்கு எச்சில் ஊறுகிறது, கண் மங்குகிறது. இவை ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடம்புக்குள் போவதற்கான அடையாளங்கள். நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, அதன் வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அழித்துவிட வேண்டும். இந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால் எச்சிலும் வியர்வையும் கண்ணீரும் ஓயாமல் சுரக்கின்றன, கண்ணின் பாவை சுருங்குகிறது. முடங்கிய நொதி பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மீண்டும் டேங்கைத் தோளில் மாட்டினால் குறை மேல் குறை சேரும். இத்தனை மாதம் தாங்கிய உடம்பு ஒரு நாள் வயலிலேயே சாய்வது இப்படித்தான்.

ஆகவே இந்த வாரமே அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அடிக்கும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவர் டேங்கைத் தொட வேண்டாம். தண்ணீர் பாய்ச்சட்டும், களை எடுக்கட்டும். ஆனால் புதிதாக மருந்து அடித்த பாத்திக்குள் இறங்கக் கூடாது. தெளித்த பிறகு குறைந்தது ஒரு முழு நாள் போக வேண்டும். லேபிளில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அத்தனை நாளும் காத்திருக்க வேண்டும். காய் பறிக்க வரும் பெண்களுக்கும் இதே கணக்குதான்.

இனி மாஸ்க். வயலில் மருந்து அடிப்பவர் உடம்புக்குள் விஷம் பெரும்பாலும் தோல் வழியாகவே போகிறது, மூக்கு வழியாகப் போவது குறைவு. துண்டு வியர்வையில் நனைந்தால் மருந்தைப் பிடித்து மூக்கருகிலேயே வைத்துக்கொள்ளும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதை வாங்கிய பிறகும் முக்கால் பங்கு வேலை மிச்சமிருக்கிறது.

எங்கே மிச்சமிருக்கிறது என்று நீங்களே கண்ணால் பார்க்கலாம். சோழவரம் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தில் நான் செய்து காட்டியதைச் சொல்கிறேன். டேங்கைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் கலந்தோம். மருந்து அடிக்கும் தம்பிக்கு ஒரு பழைய வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் கொடுத்து, வழக்கம்போல அடிக்கச் சொன்னோம். பத்து நிமிடம்தான். திரும்பி வந்தவருடைய முகத்தில் ஒன்றிரண்டு புள்ளி. முதுகின் கீழ்ப்பகுதியோ உள்ளங்கை அகலத்துக்கு நீலம். டேங்கின் மூடி வாஷர் தேய்ந்து, குனியும்போதெல்லாம் கசிந்திருக்கிறது. அங்கிருந்து வேட்டி மடிப்பு வழியாக இறங்கித் தொடை இடுக்குவரை ஈரம். தெளித்த செடிக்குள்ளேயே நடந்ததால் இரண்டு முழங்காலும் நீலம். வலது கையில் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல ஒரு கோடு. அதைப் பார்த்த பிறகு அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கூச்சம் பாராமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடம்பெல்லாம் தோல் ஒரே மாதிரி இல்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து முன்பு செய்த ஆய்வில், முன்கைத் தோல் உறிஞ்சியதைப்போல நெற்றி சுமார் 4 மடங்கும், விதைப்பைத் தோல் சுமார் 12 மடங்கும் உறிஞ்சின. மூடியில் கசியும் டேங்கும் தூக்கிக் கட்டிய லுங்கியும் சேர்ந்தால் விஷம் போய்ச் சேருவது அந்த இடத்துக்குத்தான். மாஸ்க்குக்கு முன்னால் புது வாஷர் மாற்றச் சொல்வது இதனால்தான். முதுகுக்கும் டேங்குக்கும் இடையே ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழே தொங்கும்படி கட்டிக்கொள்ளட்டும். லுங்கி வேண்டாம். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, தொப்பி, ரப்பர் பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிந்து வருவதெல்லாம் பூட்ஸுக்குள் தேங்கிவிடும்.

நாளில் மிக ஆபத்தான நேரம் தெளிக்கும் நேரம் அல்ல, கலக்கும் நேரம். தண்ணீர் சேராத மருந்து கையில் படுவது அப்போதுதான். மூடியில் அளந்து ஊற்றி, அதே கையைப் பக்கெட்டுக்குள் விட்டுக் கலக்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குச்சியால் கலக்க வேண்டும். முழங்கைவரை வரும் நைட்ரைல் என்ற ரப்பர் வகைக் கையுறை போட வேண்டும். துணிக் கையுறை, தோல் கையுறை இரண்டும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெறுங்கையே மேல். கழற்றும் முன் கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பீடியும் வெற்றிலையும் குளித்த பிறகுதான்.

காற்றைப் பற்றி உங்கள் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மீஞ்சூருக்குக் கிழக்கே கடல் தூரமில்லை. கோடையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, நடுப்பகல் நெருங்கும்போது கடற்காற்றாகத் திரும்பிவிடும். பத்து மணிக்கு ஆரம்பித்தவர் பாதி வயலில் இருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் இருந்த காற்று முகத்துக்கு வந்துவிடுகிறது. விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் காற்றும் திரும்பாது, முழு உடையில் வெயிலும் வாட்டாது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் ஆபத்து உண்டு, குழந்தைக்கு அதைவிட அதிகம். அப்பா வாசலில் நுழைந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் வயது அது. பம்புசெட்டிலேயே தலையோடு சோப்புப் போட்டுக் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் அவர் பஸ் ஏற வேண்டும். அழுக்குத் துணி தனிப் பிளாஸ்டிக் பையில், வாய் கட்டி வரட்டும். கையுறை போட்டுக்கொண்டு அதைத் தனி வாளியில் முதலில் அலசுங்கள். பிறகு வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். குழந்தையின் துணி அந்த வாளிப் பக்கமே போகக் கூடாது. பருத்திச் சட்டைக்குக் கஞ்சி போடுவது இங்கே நல்ல பலன் தரும். மருந்தில் ஒரு பகுதி கஞ்சியில் ஒட்டிக்கொண்டு, அடுத்த துவைப்பில் கஞ்சியோடு போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஆனால் கலக்காத மருந்து கொட்டி நனைந்த துணி என்றால் துவைக்கவே வேண்டாம், போனால் போகட்டும்.

காலி பாட்டில் எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுவிட வேண்டும். லேபிளில் உள்ள முக்கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. மோனோகுரோட்டோபாஸ் என்ற பெயர் கண்ணில் பட்டால் அடிக்க மறுத்துவிடலாம். காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாது என்பது பழைய உத்தரவு. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பேசப்பட்ட மருந்துகளில் இதுவும் ஒன்று.

வயலில் அவருக்கு மூச்சு வாங்கினால், தசை துடித்தால், வாந்தி நிற்காவிட்டால் உடனே 108. அது வரும்வரை உடைகளைக் களைந்து சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவ வேண்டும். கழுவுகிறவரும் கையுறை போட வேண்டும். புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், சாணிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. மருந்துப் பாட்டில் ஆம்புலன்ஸிலேயே போகட்டும். எந்த வகை என்று தெரிந்தால்தான் அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போடுவதா என்று டாக்டரால் சீக்கிரம் முடிவெடுக்க முடியும்.

இத்தனை செலவையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பூச்சிக்கொல்லி வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு உடை, மூச்சுக் கருவி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. தொழிற்சாலையில் இருந்தபோது ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாமல் உங்கள் கணவரைக் கேட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். தோட்டத்துக்கு கேட் இல்லை, அவ்வளவுதான். டாக்டர் அனுமதித்த பிறகு, முதல் நாள் மருந்துக்கு முன்னால் அந்தச் சொட்டு நீலச் சோதனையைத் தோட்டக்காரர் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். நீலம் பட்ட சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, டேங்குக்கு வாஷர், கையுறை, பூட்ஸ், பம்புசெட்டில் ஒரு சோப்பு என்று கேட்கட்டும்.