பறவையை எண்ணி யாருக்கு என்ன லாபம்?

கேள்வி: ஞாயிறுதோறும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பறவை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்கிறார் என் கணவர். என்ன சொல்ல?
– வாசகி, வேளச்சேரி

பதில்: நோட்டைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. ஓர் ஈரநிலம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏற ஒன்பது அளவுகோல்கள் உண்டு. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்குவது அவற்றில் ஒன்று. யாராவது வெயிலில் நின்று எண்ணாமல் இதை எப்படி நிரூபிப்பது? பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடானது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமானது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரேடியல் சாலையோரம், குப்பைமேட்டுப் புகைக்கு நடுவே பூநாரைகளை எண்ணியவன் நான்.

ஒரு வேண்டுகோள். தேதி, நேரம், நீர்மட்டம், முந்தைய வார மழை எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே தேங்கும் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது; அதனால் மழையைப் பொறுத்து நீர்மட்டம் மாறும். மழையின் போக்கு மாறும்போது பறவைகளின் வரவு எப்படி மாறுகிறது என்பதை நீண்டகாலப் பதிவுதான் காட்டும். ஒரு கூழைக்கடாகூட வராத நாளையும் விடாதீர்கள். 'இல்லை' என்பதும் தகவல்தான். அடுத்த ஞாயிறு அவரையும் அழைத்துப் போங்கள், பைனாகுலரை அவர் கையில் கொடுங்கள்.