அலறலும் நாட்டுப்புறப் பாட்டுத்தான்

கேள்வி: கோமஸ் என்ற ஆங்கிலேயக் குழுவை நாட்டுப்புற இசையோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன், ஒரே அலறல். இதுவா நாட்டுப்புறம்? அந்தக் குழு பிறகு என்ன ஆயிற்று?

பதில்: அலறல் என்று சரியாகத்தான் சொன்னீர்கள். 1971-இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’ இசைத்தட்டின் உறையிலேயே எலும்பும் தோலுமான ஓர் உருவம் உடலை முறுக்கிக்கொண்டு வாயைப் பிளக்கிறது. பாடகர் ராஜர் வூட்டன் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த படம் அது. நாட்டுப்புற இசை என்றால் வயல்வெளியும் குழலோசையும் மட்டுமே என்று எண்ணுவோரோடு நான் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறேன். ஆங்கிலேயரின் பழைய கதைப்பாடல்களில் கொலையும் பேயும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் கத்தரித்து இதமாக்கியவர்கள் பின்னால் வந்த தொகுப்பாளர்கள்.

கென்ட் பகுதியிலுள்ள பிராம்லியில், வூட்டனும் கிளென் கோரிங்கும் ஓவியக் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது உருவான குழு இது. காட்டு வழியில் போவோருக்கு மது கொடுத்து அவர்கள் முகத்தை விலங்கு முகமாக்கும் மாயக்காரன் ஒருவனை ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1634-இல் படைத்தார்; குழுவின் பெயர் அவனுடையது. அந்தத் தட்டிலுள்ள ‘டயானா’ பாட்டை மறுபடி கேளுங்கள்: பாபி வாட்சனின் மெல்லிய உச்சக்குரல் முன்னே ஓட, வூட்டனின் கரகரத்த குரல் பின்னால் துரத்த, இடையில் வயலின் கீறிக்கொண்டே வருகிறது. டிரம் செட் கிடையாது. கையால் தட்டும் தோற்கருவிகளிலிருந்துதான் அந்த வேகம் பிறக்கிறது. துரத்தப்படும் டயானாவின் அச்சத்தை வேறு எந்தக் குரலில் பாடுவது?

இசைத்தட்டு விற்கவில்லை, அதே சமயத்தில் பிரிட்டனின் அஞ்சல் ஊழியர்கள் ஏறத்தாழ ஏழு வாரம் வேலைநிறுத்தத்தில் இருந்ததும் விநியோகத்துக்கு உதவவில்லை. குழு கலைந்து, மீண்டும் கூடி, 1974-இல் வர்ஜின் நிறுவனத்துக்காக இரண்டாவது இசைத்தட்டைத் தந்தது. அதில் அலறல் அடங்கிவிட்டது. அதனாலேயே அது என் மனத்தில் நிற்கவில்லை.

முதல் தட்டை விடாமல் காத்தவர்கள், நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில், மெட்டல் என்னும் கனத்த ராக் இசைக்காரர்களுக்குள் இருந்தார்கள். ஸ்வீடனின் ஓபெத் குழு 1998-இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பே ‘ட்ரிப் ட்ரிப்’ என்ற கோமஸ் பாட்டின் வரியிலிருந்து எடுத்ததுதான். 2008-இல் ஸ்வீடனில் கப்பலில் நடந்த இசைவிழாவில் கோமஸ் மீண்டும் மேடை ஏறியது. 2012-இல் புதிய இசைத்தட்டும் வந்தது.