நீல ஹைட்ரேஞ்சியா ரோஜா நிறமாவது ஏன்? தருமபுரி வாசகிக்கு ஒரு விளக்கம்

கேள்வி: தருமபுரி நகரில் குடியிருக்கிறேன். ஒசூர் நர்சரி ஒன்றில் நீலப் பூவுடன் இருந்த ஹைட்ரேஞ்சியாச் செடியை வாங்கிவந்து, வீட்டின் கிழக்குக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தரையில் நட்டேன். அடுத்து வந்த பூங்கொத்துகள் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன. இப்போது இளம் இலைகள் மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. கார்த்திகையில் ரோஜாச் செடிகளோடு சேர்த்து இதையும் கவாத்து செய்தேன். இந்த ஆண்டு ஒரு பூகூட வரவில்லை. காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றியும் நண்பகலில் இலைகள் துவண்டுவிடுகின்றன. மண்ணை மாற்ற வேண்டுமா, உரம் போட வேண்டுமா?

பதில்: நிறம் மாறியதும் இலை மஞ்சளாவதும் ஒரே காரணத்தால் நிகழ்பவை. அந்தக் காரணம் பெரும்பாலும் நீங்கள் நாள்தோறும் ஊற்றும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மண்ணை முழுவதுமாக மாற்றிவிட்டு அதே நீரைத் தொடர்ந்து ஊற்றினால், ஓராண்டுக்குள் செடி இதே நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே உரத்தையும் மண்ணையும் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழ்கள் என்று பார்ப்பவை உண்மையில் புல்லிதழ்கள். அவற்றில் உள்ள டெல்ஃபினிடின் என்னும் நிறமி, அலுமினியத்துடன் சேரும்போது நீலமாகவும், அலுமினியம் கிடைக்காதபோது ரோஜா நிறமாகவும் தோன்றுகிறது. அலுமினியம் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் இருக்கிறது. ஆனால் மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு, கூடக் கூடக் காரம்), 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6.5ஐத் தாண்டினால் அது மண்ணிலேயே பூட்டிக்கொள்கிறது. இடைப்பட்ட நிலையில் ஊதாவும் கலப்பு நிறங்களும் வரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரங்களில் நீலப் பூக்கள் எந்தக் கவனிப்பும் இல்லாமல் மலர்வதற்கு, மழையால் சுண்ணாம்பு கரைந்துபோன அந்த மலைகளின் புளிப்பு மண்ணே காரணம். வெள்ளைப் பூ வகைகளில் இந்த நிறமி இல்லாததால் அவை எந்த மண்ணிலும் நீலமாகா.

இரும்புச் சத்தின் நிலையும் இதுவே. கார நிலை கூடக் கூட மண்ணில் இருக்கும் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகர்ந்து செல்லாத சத்து என்பதால், குறை முதலில் கொழுந்து இலைகளில் தெரியும்: நரம்புகளின் வலைப்பின்னல் பச்சையாக நிற்க, இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாகும். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவாக இருந்திருந்தால் அடி இலைகள் முழுவதுமாக வெளுத்திருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் இரும்புக் குறைவையே காட்டுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு மிகுதி என்பது எல்லோரும் அறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் ஹைட்ரேஞ்சியாவுக்குப் பெரிய இடையூறு அந்த நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்னும் கார உப்பு. உங்கள் நீரின் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றினால் 0.6 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் வேரடியில் சேர்கிறது. ஓராண்டில் அது 200 கிராமைத் தாண்டும். குழாய் வாயில் படியும் வெள்ளைப் பொருக்கையும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் படிவையும் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் செடியின் தூரைச் சுற்றியும் சேர்கிறது.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடமும் இதற்குத் துணைபோயிருக்கிறது. சுவர் கட்டியபோது சிந்திய சிமெண்டுக் கலவையும், ஆண்டுதோறும் அடிக்கும் சுண்ணாம்பும் சுவரோர மண்ணில் தங்கிவிடுகின்றன. அந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, அதன்மேல் சிறிது வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு தங்கியிருக்கிறது என்று பொருள். தோண்டும்போது சுக்கான் கற்கள் கிடைத்தால் சோதனையே தேவையில்லை. அப்படிப்பட்ட மண்ணைக் கந்தகம் போட்டுத் திருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 200 கிலோ மண் இருக்கும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தாலே 2 கிலோ. அதைச் சமன் செய்ய மட்டும் 600 கிராமுக்கு மேல் கந்தகம் வேண்டும், நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்றப் பல மாதங்கள் ஆகும். மண் ஆய்வுக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். மண்ணோடு பாசன நீரையும் ஒரு புட்டியில் கொண்டுசென்று, இரண்டையும் ஆய்வு செய்ய வழி உண்டா என்று கேளுங்கள்.

என் முடிவு இது: தருமபுரியின் சமவெளியில் ஹைட்ரேஞ்சியாவைத் தரையில் வளர்க்க வேண்டாம்; தொட்டியில் வளருங்கள். தொட்டியில் மண்ணும் நீரும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள மண்தொட்டியோ வெளிர்நிறப் பிளாஸ்டிக் தொட்டியோ போதும். சிமெண்டுத் தொட்டி கூடாது; அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். கருப்புத் தொட்டி சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும். கலவையில் பாதி தென்னை நார்க்கழிவாக இருக்கட்டும். மீதியில் மக்கிய இலை உரமும் சுண்ணாம்பு கலவாத செம்மண்ணும் சம அளவு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, வடியும் நீரின் பழுப்பு நிறம் நன்றாகக் குறையும்வரை பலமுறை அலசிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் இலை ஓரங்கள் கருகும். மரச்சாம்பல், முட்டை ஓடு, எலும்புத்தூள் ஆகியவற்றை இந்தச் செடிக்கு அறவே தவிர்க்க வேண்டும். காபிச் சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வடித்தபின் எஞ்சும் சக்கையில் அமிலம் மிகக் குறைவு, ஆகவே அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

தண்ணீரில் முதலிடம் மழைநீருக்கு. 10 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் கிடைக்கும். மூடியுள்ள இரண்டு பீப்பாய்கள் இருந்தால் ஓரிரு தொட்டிகளுக்குப் பல வாரங்கள் ஓடும். மாடியில் வெயிலுக்காகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் முதல் மழையை வழியவிட்டு, அடுத்ததைப் பிடியுங்கள். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் உப்பற்றது. அதையும் வாளியில் பிடித்து வைக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் கழிவுநீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். போர் நீரிலிருந்த உப்பெல்லாம் அதில் இன்னும் செறிவாக இருக்கும். வீட்டுக்கு மென்னீர்க் கருவி பொருத்தியிருந்தால் அந்த நீரும் உதவாது. சுண்ணாம்பை எடுத்துவிட்டு அது சோடியத்தை விடுகிறது, பைகார்பனேட் அப்படியே இருக்கிறது. வேறு வழியில்லாமல் போர் நீரையே ஊற்ற நேர்ந்தால், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை 10 லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்து, பி.எச். தாளில் 6ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள்.

மஞ்சளான இலைகளுக்கு உடனடி உதவி அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வடிகட்டி, வெயில் தாழ்ந்த மாலையில் இலைகளின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும்; பழைய இலைகள் முழுமையாகத் தேறாமல் போகலாம். மண்ணில் இட விரும்பினால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச் சத்தைக் கேட்டு வாங்குங்கள். கார மண்ணில் செயல்படுவது அதுவே. மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை அங்கே விரைவில் பயனிழந்துவிடும்.

நீலம் வேண்டுமானால், கலவை புளிப்பானபின் அலுமினியம் கொடுக்கலாம். அதற்கு நாட்டு மருந்துக் கடைப் படிகாரமே போதும். லிட்டருக்கு 4 கிராம் வீதம் கரைத்து, தொட்டியை முதலில் நல்ல நீரால் நனைத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மொட்டுகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே தொடங்க வேண்டும். விரிந்த பூவின் நிறத்தை எதுவும் மாற்றாது. அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வேர் கருகும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைக் கட்டிப்போடும் என்பதால் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் இரண்டும் வேண்டாம். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மாதம் ஒருமுறை கொடுத்தால் மண்ணின் புளிப்புக்கும் அது உதவும். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். இலை பச்சையாக, தண்டு திடமாக உள்ள செடியில் வரும் ரோஜா நிறப் பூவும் மிக அழகானதே. முதல் ஆண்டு செடியைத் தேற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, நீலத்துக்கான முயற்சியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஆண்டு பூக்காததற்குக் காரணம் கார்த்திகைக் கவாத்துதான். ரோஜா வெட்டியபின் துளிர்க்கும் புதுக்கிளையில் பூக்கிறது. இந்த ஹைட்ரேஞ்சியாவோ முந்தைய பருவத்தில் வளர்ந்த தண்டின் நுனியில், குளிர்ந்த இரவுகளில் மொட்டை உருவாக்கி வைத்து, கோடையில் மலர்கிறது. நீங்கள் வெட்டியெறிந்த நுனிகளோடு பூக்களும் போய்விட்டன. இனிப் பூத்து முடிந்தவுடன், ஆடி மாதத்துக்குள், வாடிய கொத்துக்குக் கீழே தடித்த மொட்டு இணை இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். காய்ந்ததும் மெலிந்ததுமான தண்டுகளை மட்டும் அடியோடு நீக்குங்கள். புரட்டாசிக்குப் பிறகு கத்தரியை இந்தச் செடியின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மொட்டு உருவாகச் சில வாரங்களாவது இரவு வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஒசூரிலும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் மார்கழி, தை மாதங்களில் இது எளிதில் கிடைக்கிறது. தருமபுரி அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். ஆகவே உங்கள் செடி ஒசூர்ச் செடி அளவுக்குப் பூக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பனிக்காலத்தில் தொட்டியை மொட்டைமாடியின் சூடேறிய தளத்திலிருந்தும் சுவர் ஓரத்திலிருந்தும் விலக்கி, இரவில் திறந்த வானம் தெரியும் இடத்தில் வைத்தால் கிடைக்கும் குளிர் முழுவதும் செடிக்குச் சேரும். புதிதாக வாங்குவதானால், அந்த ஆண்டில் வளரும் தண்டிலும் பூக்கும் வகையைக் கேட்டு வாங்குவது நம் பகுதிக்குப் பொருத்தம்.

நண்பகல் வாட்டத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அகன்ற இலைகள் நீரை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது, மண் ஈரமாக இருந்தாலும் இலைகள் துவளும். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில் மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். விடியற்காலையில் பாருங்கள், அப்போதும் துவண்டிருந்தால், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் நீரை நிறுத்திவிட்டு வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை பத்து மணிவரை வெயிலும் அதன்பின் நிழலும் படும் இடமே ஏற்றது. ஆடிக் காற்று நேராக அடிக்காமல் ஒரு மறைப்பும் இருக்கட்டும். மாமரத்தடியில் தரையோடு வைத்தால் மரத்தின் வேர் துளை வழியாகத் தொட்டிக்குள் ஏறிவிடும், ஆகவே செங்கல்மேல் வையுங்கள். கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிர்ப் புள்ளிகளும் தென்பட்டால் அது செஞ்சிலந்தி. காலையில் இலையடியை நீரால் பீய்ச்சிக் கழுவி, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும்.

சுவரோரச் செடியை ஆவணியில், மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாளில், மாலை நேரத்தில் பெயர்த்தெடுங்கள். வேர்கள் மேலாகவும் மெல்லிய சல்லிவேர்களாகவும் இருக்கும் என்பதால், தூரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, மண்கட்டி உடையாமல் அடியில் சாக்கைச் செருகித் தூக்குங்கள். ஓரத்தில் சுக்கான் கல்லும் சிமெண்டுத் துண்டும் இருந்தால் கையால் பொறுக்கி நீக்கிவிட்டுத் தொட்டியில் வைத்து, இரண்டு வாரம் முழு நிழலில் வைத்திருங்கள். பெயர்க்கும் முன், பூக்காத இளந்தண்டுகளில் மூன்று நான்கை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, அலசிய நார்க்கழிவில் ஊன்றி வையுங்கள். ஈரம் காயாமல் இருந்தால் ஒரு மாதத்தில் வேர்விடும், தாய்ச்செடி பிழைக்காமல் போனாலும் கன்று கையிலிருக்கும். இந்தச் செடியின் இலையும் மொட்டும் நச்சுத்தன்மை உடையவை. அக்கம்பக்கத்து ஆடுகளும் சிறு குழந்தைகளும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.