இளவரசி மாளிகையில் ஒரு முறம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று மைசூரைப் பற்றியவை. நான்காவது, பரணில் கிடக்கும் பழைய பொருள்களைப் பற்றியது.

கேள்வி: பிள்ளைகளோடு மைசூருக்குப் போகிறோம். அரண்மனை, மிருகக்காட்சிசாலை, சாமுண்டி மலை எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. வேறு என்ன பார்க்கலாம்? (வாசகி, ஈரோடு)

மானசகங்கோத்ரிக்குப் போங்கள். மைசூர் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கவிஞர் குவெம்பு வைத்த பெயர் அது. வளாகத்தில், குக்கரஹள்ளி ஏரிக்கு அருகே மேட்டில் நிற்கிறது ஜெயலட்சுமி விலாஸ் மாளிகை. மைசூர் அரச குடும்பத்து மூத்த இளவரசி ஜெயலட்சுமி அம்மணிக்காக 1905-இல் கட்டப்பட்டது. அவர் கணவர் காந்தராஜ அர்ஸ் பின்னாளில் மைசூர் திவான் ஆனவர். இளவரசிக்குத் தாய்மாமனும் அவரே. இளவரசியின் தங்கைக்குக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் இன்று மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அக்காவின் மாளிகையை 1959-இல், குவெம்பு துணைவேந்தராக இருந்தபோது, பல்கலைக்கழகம் வாங்கியது. 1968-இல் அங்கே நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் அமைந்தது.

பிள்ளைகளைக் கல்யாண மண்டபத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. அதன் பிறகு அறை அறையாக நடக்கலாம். கட்டடம் நூறு வயதைக் கடந்தது, பழுதுபார்க்கும் வேலைகள் அவ்வப்போது நடக்கும். திறந்திருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: அந்த மாளிகையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தூண்கள், அவ்வளவு வேலைப்பாடு! உள்ளே போனால் முறமும் உலக்கையும் ஏர்க்கலப்பையும். ராஜா வீட்டில் ராஜாவின் பொருள்களை அல்லவா வைக்க வேண்டும்? (வாசகர், சென்னை)

ராஜாவின் பொருள்களுக்கு ஊர் நடுவே பெரிய அரண்மனையே இருக்கிறது. அந்த அரண்மனைக்கு நெல்லும் ராகியும் அளந்தவர்களின் பொருள்களுக்கு இந்த ஒரு மாளிகை இருந்துவிட்டுப் போகட்டும். நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் களி கிண்டாத நாள் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதுவே முத்தெ. முதல் தடவை அந்த மாளிகைக்குப் போனபோது ஒரு முறத்தின் எதிரே வெகுநேரம் நின்றேன். கன்னடத்தில் அதற்கு ‘மொர’ என்று பெயர். உரலுக்கு ‘ஒரளு’, உலக்கைக்கு ‘ஒனகெ’, கலப்பைக்கு ‘நேகிலு’. நம் பழைய சொல்லான நாஞ்சிலின் உறவு அது. மொழி பிரிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் புடைக்கிற பொருளின் பெயர் மட்டும் பிரியவே இல்லை. எந்த ராஜாவின் வாளும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இவையெல்லாம் தாமாக வந்து சேர்ந்தவையும் அல்ல. ஓவியர் பி. ஆர். திப்பேசுவாமி, நாட்டுப்புறவியல் அறிஞர் ஜீ. சம். பரமசிவையா போன்றவர்கள் பாடுபட்டுச் சேர்த்தவை. 6,500-க்கும் மேற்பட்ட பொருள்கள்! ஊருக்குள் பித்தளைக்காரரும் பிளாஸ்டிக் குடக்காரரும் புகுந்து எடைக்கு எடை வாங்கிப் போன காலத்தில் செய்த வேலை. கட்டடமும் இடிந்துபோகும் நிலைக்கு வந்தது. பிறகு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்துச் சீரமைத்தது.

கேள்வி: அங்கே தோல்பொம்மைகள் பார்த்தோம். கறுத்துப்போய்க் கிடக்கின்றன. கவனிப்பில்லையா? (வாசகர், நாகர்கோவில்)

வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தோல்பாவைக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். தோலை ஒளி ஊடுருவும் அளவுக்குப் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, துளையிட்டுச் செய்வது அது. திரைக்குப் பின்னே விளக்கை வைத்தால்தான் சிவப்பு சிவப்பாகும். சுவரில் மாட்டினால் எந்தப் பாவையும் மங்கித்தான் தெரியும். கர்நாடகத்தில் ஒரு காட்சி முழுவதையும் ஒரே தோலில் வெட்டுவதும் உண்டு: ராவணன், சிம்மாசனம், சுற்றிலும் ஆட்கள். நீங்கள் நாகர்கோவில்காரர் என்பதால் இன்னொன்று: உங்கள் பக்கம் பாவைக்கூத்து ஆடும் கணிகர் குடும்பங்கள் வீட்டில் பேசுவது மராத்தி. கர்நாடகத்தில் தோல்பாவை ஆட்டும் கிள்ளேக்யாதர் வீட்டு மொழியும் மராத்தி வழக்குதான்.

கேள்வி: பாட்டி காலத்துப் பாத்திரங்கள், மரக்கால், அளவுப்படி, திரிகைக்கல் எல்லாம் பரணில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். எங்காவது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா? (வாசகி, தருமபுரி)

கொடுக்கலாம். ஆனால் பொருளை மட்டும் கொடுக்காதீர்கள் அம்மா.

என் அம்மாவின் களித்துடுப்பு என்னிடம் இருக்கிறது. அதன் அடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கத்தியின் விளிம்புபோல் ஆகிவிட்டது. மறுபக்கம் தடித்தே இருக்கிறது. அம்மாவுக்கு இடக்கைப் பழக்கம். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு நாற்பது வருடம் இடக்கையால் கிண்டியதில் வந்த தேய்மானம். இதை எழுதி வைக்காமல் யாரிடமாவது கொடுத்தால் அவர்கள் கண்ணுக்கு அது கோணிப்போன ஒரு கட்டை. விறகோடு சேர்த்தாலும் குறை சொல்ல முடியாது.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள். உங்கள் வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். அகராதிப் பெயர் பிறகு. யார் வாங்கியது, எந்தச் சந்தையில், எந்தக் கையால் பிடித்தார்கள், என்ன அளந்தார்கள், எதற்குத் தொடவே கூடாது என்றார்கள். திரிகைக்கல் என்றால், அரைக்கும்போது பாடினார்களா? பாட்டின் ஒரு வரியாவது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். பெரியவர்கள் யாராவது இருந்தால் திரிகையின் முன்னால் உட்காரவைத்துச் சுற்றச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். சுற்றத் தொடங்கினால் பாட்டு தானாக வரும். சும்மா கேட்டால் வராது, எனக்கு அனுபவம் உண்டு.

பித்தளைப் பாத்திரங்களின் கழுத்தையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீர் கொடுத்தவர் பெயரோ பெற்றவர் பெயரோ புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எங்கள் பாட்டியின் அண்டாவில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது, வீட்டில் அதை எடைக்குப் போட்டுவிட்டார்கள். பாட்டி தன் பெயரைக் கையால் எழுதி ஒரு தாள்கூட எங்களிடம் இல்லை. அந்த அண்டாவில்தான் இருந்தது.

ஒரு வேண்டுகோள்: கொடுப்பதற்கு முன் பளபளப்பாக்க நினைத்துப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தப் புள்ளிகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். திரிகைக்கல்லின் குழியில் பழைய மாவு ஒட்டியிருந்தால் அதையும் கழுவ வேண்டாம். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டி, மரச்சாமான்களைத் தரையில் படாமல் பலகைமேல் வைத்துவிட்டு, தாள்களை எழுத உட்காருங்கள். வீட்டை இடிக்கிற ஆட்கள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.