பூனை எதையாவது முகர்ந்துவிட்டு வாயைத் திறந்தபடியே நிற்கிறதே, ஏன்?

வேலை முடிந்து வந்து கழற்றிப் போட்ட காலுறையைப் பூனை முகர்கிறது, அப்புறம் மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, பேயறைந்த மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறது, "என்னை அருவருப்பாகப் பார்க்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் மேல் அதற்கு ஒரு புகாரும் இல்லை. வாடை பிடிக்காவிட்டால் பூனை எழுந்து போய்விடும், நின்று ஆராய்ந்துகொண்டிருக்காது.

நீங்கள் அநேகமாகத் தனியாக ஓர் அறையில் இருப்பவர், பூனையை எடுத்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், வந்தவர் யாரோ அந்த முகத்தைப் பார்த்துக் கிண்டல் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நான் பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு பிளாட்டில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. டாக்டர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே எதை எழுதினாலும் "நீ என்ன வெட்டா?" (கால்நடை மருத்துவரா) என்று கேட்க இரண்டு பேர் வருவார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி கிண்டலோடு நிற்கவில்லை, சண்டையாகவே ஆனது. எங்களுக்கு ஒரு செம்பட்டைக் கடுவன். இங்கே அந்த நிறத்தில் எந்தப் பூனை இருந்தாலும் ஊரே ஓயேன் (மலாய்ப் பேச்சில் ஆரஞ்சு நிறம்) என்றுதான் கூப்பிடும், எங்களுடையதும் ஓயேன்தான். நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும் அது தலையை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டு அந்த முகத்தைக் காட்டும். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவர் அதைப் பார்த்துவிட்டு, "வீடு நாறுதுன்னு பூனைகூட மூஞ்சச் சுளிக்குது" என்று சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். நாறியது என் பூட்ஸ், பேச்சு வாங்கியது என் மனைவி. சரி, இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். பூனையின் மேல்வாயில், முன்பற்களுக்கு நேர் பின்னால், ஒரு சின்ன மேடு இருக்கும். அதன் இரு பக்கமும் ஊசிமுனை அளவில் துளைகள். அந்தத் துளைகள் வழியாகப் போனால் மூக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே திரவம் நிறைந்த இரண்டு சிறிய பைகள். 1813இல் லுட்விக் யாக்கப்சன் என்ற டென்மார்க் அறுவை மருத்துவர் இதை விவரித்ததால் யாக்கப்சன் உறுப்பு என்கிறார்கள். சாதாரண வாசனை காற்றில் மிதந்து மூக்குக்கு வந்துவிடும். மூத்திரம், வியர்வை, கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போன எண்ணெய்ப்பசை இவற்றில் இருக்கும் சில பொருள்கள் அப்படி எளிதில் பறக்காது, அவற்றை அந்தத் துளை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் உதட்டைத் தூக்கி வாயைத் திறப்பது. அங்கிருந்து செய்தி மூளைக்குப் போகும் பாதையும் தனி. மனிதர்களுக்கு அந்த உறுப்பின் மிச்சம் மட்டும்தான், வேலை செய்வதில்லை, அதனால்தான் நமக்கு அது விசித்திரமாகத் தெரிகிறது. இந்த முகபாவனைக்கு ஃபிளெமன் என்று பெயர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. தாத்தா நிபோங் திபால் பக்கம் ஆடு வைத்திருந்தார். பெட்டை ஆடு மூத்திரம் விட்ட இடத்தைக் கிடா முகர்ந்துவிட்டு, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம், பெரியவர்கள் ஏதோ தெரிந்த மாதிரி பேச்சை மாற்றுவார்கள். அதே சங்கதிதான். குதிரையும் செய்யும், புலியும் செய்யும். பெட்டைப் பூனையின் மூத்திரத்துக்குக் கடுவன் அதிகம் செய்யும், ஆனால் பெட்டையும் செய்யும், கருத்தடை செய்த பூனையும் செய்யும். குப்பைமேனி வேரைத் தோண்டி முகர்ந்து உருண்டு புரளுகிறதே, அது வேறு கதை, இதோடு குழப்ப வேண்டாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்க டென்மார்க் வரைக்கும் போயிருக்கான்" என்றார். ஆனால் அதோடு அந்தப் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு ஆண்டி, கீழே காய்கறிக் கடை அக்கா, என் மச்சான் என்று எல்லாருக்கும் சொன்னேன். எங்கள் புளோக்கில் பூனை வாயைத் திறந்தால், "வாசம் பிடிக்குது" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

உங்கள் கேள்விக்குப் பதில் இத்தோடு முடிந்தது. இதற்கு மேல்தான் நான் உண்மையில் எழுத வந்தது.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது நினைவிருக்கும், பல மாநிலங்களில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது. எங்களிடம் சாம்பா என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டையும் இருந்தது, வாகன நிறுத்துமிடத்தில் குட்டியாகக் கிடைத்தது. புகைக்குப் பயந்து சன்னல் எல்லாம் அடைத்து வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை, அம்மா வழக்கம்போலச் சாம்பிராணி போட்டார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சாம்பா வரவேற்பறை நடுவில் குந்தி உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. மச்சான் போனை எடுத்து வீடியோ பிடிக்கிறான். "அதான் நீ சொன்னியே மாமா, வாசம் பிடிக்குதுன்னு, சாம்பிராணி வாசம்" என்கிறான். அம்மாவும் அதையேதான் சொல்கிறார். ஆக, நான் ஊருக்கெல்லாம் பரப்பிய பாடத்தை எனக்கே திருப்பி ஒப்பிக்கிறார்கள்.

ஆனால் அது அந்த முகம் இல்லை. வாசம் பிடிக்கும்போது பூனை முதலில் முகரும், அப்புறம் வாய் திறக்கும், சில விநாடியில் மூடிவிடும், மூக்கை நக்கிக்கொண்டு போய்விடும். சாம்பா எதையும் முகரவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் அகட்டி, தரையோடு தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. வயிறு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்தேன், அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்தாலும் ஓடி வரும் ஜென்மம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது.

நாய் வாயைத் திறந்து இளைப்பது சகஜம், அது அப்படித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். பூனை மூக்கால் மூச்சு விடும் பிராணி. சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயால் மூச்சு வாங்கினால் அதற்கு மூக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், இதய நோய் இருக்கலாம், வெயில் தாக்கியிருக்கலாம், ஆஸ்துமா இருக்கலாம். எதுவானாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை.

ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டால் எடுத்த பெண் மறுநாள் அப்பாயின்மென்ட் தருகிறேன் என்கிறாள், வாயால் மூச்சு வாங்குகிறது என்று சொன்ன பிறகும். வைத்துவிட்டு, இரவில் திறந்திருக்கும் வேறொரு இடத்துக்குக் கிளம்பினேன். மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன், பூனைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியதற்கு அவர் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினார், அது இருக்கட்டும். போர்வையில் சுற்றிக்கொண்டு போ என்று அம்மா சொன்னார், தண்ணீர் புகட்டு என்று ஆண்டி சொன்னார், இரண்டையும் கேட்கவில்லை. மூச்சுக்குத் திணறும் பூனையை இறுக்கிப் பிடிக்கவே கூடாது, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காற்று போகும் கூண்டு, காரில் ஏர்கான், மனைவி பின்னால் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே இருந்த டாக்டர் அம்மா எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை, முதலில் ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்து அப்படியே விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, ஏன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார் என்று. இந்த நிலையில் தொட்டால் பயத்திலேயே போய்விடும் என்றார். அப்புறம் ஊசி, வாய் மூடிய பிறகுதான் எக்ஸ்ரே. ஆஸ்துமா. அதற்கு முன்னால் அவ்வப்போது குனிந்து கக்குவது போல இருமும், மயிர் உருண்டை என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் இதுதானாம். இதயப் புழுவும் இதே மாதிரி காட்டும் என்று அதற்கும் பரிசோதித்தார், கொசு கடித்துப் பரவுவது, நம் ஊரில் கொசுவுக்கா பஞ்சம். பில் எவ்வளவு என்று எழுத மாட்டேன், எழுதினால் "அந்தக் காசுக்கு ஓர் ஏழைப் பிள்ளைக்கு" என்று ஆரம்பிப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அல்லவா?

இப்போது சாம்பாவுக்கு மனிதர்கள் இழுக்கும் அதே இன்ஹேலர்தான், நடுவில் ஒரு குழாயும் முகத்துக்கு ஒரு மூடியும் வைத்துக் கொடுக்கிறோம். பழக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், வெறும் மூடியை முகத்தில் வைத்து உடனே நெத்திலி கொடுத்துப் பழக்கினோம். கொசுவத்தி நின்றது, பூனையின் கழிவுப் பெட்டியில் போடும் தூசி பறக்கும் மணலை மாற்றினோம். சாம்பிராணியும் வீட்டுக்குள் நின்றது. இங்கேதான் எனக்கு அடி விழும் என்று தெரியும். நான் சாம்பிராணிக்கு எதிரி இல்லை, சாமிக்கு எதிரி இல்லை, பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறவன்தான். அடைத்த வீட்டில், ஆஸ்துமா உள்ள ஒரு பிராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புகை போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் போடுவீர்களா? அம்மா இப்போது விளக்கு மட்டும் ஏற்றுகிறார், விருந்தாளி வந்தால் "எங்க வீட்டு சாமிக்குப் பூனைதான் பெர்மிட் கொடுக்கணும்" என்று சொல்லாமல் விடுவதில்லை.

பூனை என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013இல் ஜார்ஜ்டவுன் விழாவை ஒட்டி ஆர்மேனியன் தெருப் பக்கம் சுவரெல்லாம் பூனை வரைந்தார்கள், தெருவில் கிடக்கும் பிராணிகளைப் பற்றி ஜனங்கள் யோசிக்கட்டும் என்று. நல்ல எண்ணம், குறை சொல்ல மாட்டேன். இன்று அந்தச் சுவருக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள், நாலு கடை தள்ளி அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) படுத்திருக்கும் நிஜப் பூனை மேல் ஒருவன் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறான். எங்கள் பிளாட்டில் பூனைக்குச் சோறு போட்டால் அபராதம் என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ், அந்த லிஃப்ட் ஓடுவதைவிட நிற்கும் நாள்தான் அதிகம், அதற்கு நோட்டீஸ் இல்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி பிராணியைச் சித்திரவதை செய்தால் 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,00,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்களேன் என்று கூட்டத்தில் கேட்டேன், பராமரிப்புக் கட்டணப் பாக்கி இருக்கிறதா என்று என் பெயரைத் தேடினார்கள். இல்லை.

சரி, உங்கள் பூனைக்கு வருகிறேன். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை, நாற்பதைத் தாண்டி அப்படியே நின்றால் போன் போடுங்கள். குட்டி ஓடியாடிக் களைத்து இளைத்தாலோ, பாலத்து ஜாமில் காருக்குள் பயந்து இளைத்தாலோ, கொஞ்சம் ஓய்ந்ததும் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அதுவும் கிளினிக் கேஸ்தான். வாய் திறந்திருப்பதோடு எச்சில் வடிந்து, முன்னங்காலால் வாயைத் தட்டிக்கொண்டால் பல் அல்லது ஈறு, இல்லாவிட்டால் மேல்வாயில் மீன் முள் குறுக்கே மாட்டியிருக்கும். தெருப் பூனையாக இருந்து மூக்கின் மேல் ஆறாத புண்ணும் இருந்தால் கையுறை போட்டுத் தொடுங்கள், மலேசியாவில் பூனைகளுக்கு வரும் ஒரு பூஞ்சை நோய் உண்டு, மூக்கை அடைத்து வாயால் மூச்சு விட வைக்கும், கீறினால் நமக்கும் ஒட்டும்.

இன்னொன்று, காய்ச்சல் மாதிரி தெரிகிறதே என்று யார் சொன்னாலும் பேனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, அப்போதும் வாயைத் திறந்துதான் மூச்சு வாங்கும், ஒரே மாத்திரை உயிரைக் கொண்டுபோகப் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மாத்திரை, எப்போது என்பதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், முறிக்க மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்.