பதில்: சித்தா படிப்புக்கு வீட்டுப் பங்கை விக்கலாமா?
அண்ணே, மகளுக்குத் தனியார் கல்லூரியில பி.எஸ்.எம்.எஸ்., அதாவது சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கு இடம், வருஷம் 3 லட்சம், அதுக்காகக் கானாடுகாத்தான் வீட்டுப் பங்கைக் கொடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. அவசரப்படாதீங்க. படிப்பு நாலரை வருஷம், அப்புறம் பயிற்சி ஒரு வருஷம். கட்டணமே 13.5 லட்சம், விடுதி, சாப்பாடு தனி. பயிற்சியில உதவித்தொகை உண்டான்னு சீனியர் பிள்ளைகள்கிட்ட விசாரிங்க, காலேஜ் ஆபீஸ்ல கேட்டா எல்லாம் உண்டும்பாங்க.

அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு எப்பவாவதுதான் வரும். காரைக்குடியில கிளினிக் போட்டா அட்வான்ஸ், வாடகை, அதோட சூரணம், தைலம்னு வாங்கி அடுக்கணும்; காலாவதியானா நம்ம நஷ்டம். ஆரம்பத்துல கையைக் கடிக்கும். போட்ட பணத்துக்கு வட்டிக் கணக்கு நம்ம செட்டிநாட்டுக்காரங்களுக்குச் சொல்லணுமா?

பாளையங்கோட்டை, அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில கிடைச்சா கண்ணை மூடிட்டுச் சேர்த்துடுங்க. இல்லேன்னா, 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு இல்லாமக் கல்விக்கடன் இருக்கு, பேங்க்ல முதல்ல அதைக் கேளுங்க.