மானிடவியல் படித்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அக்கா, "மானிடவியல் படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கப் போறாளா?" என்று கேட்டிருந்தீர்கள். மகளை நினைத்து வரும் பயம். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். மானிடவியல் என்பது மனிதரின் வழக்கங்களையும் உறவுமுறைகளையும் ஆராயும் படிப்பு. 'மானிடவியலாளர்' என்ற பெயரில் வேலை விளம்பரம் நம் இலங்கையில் மிகக் குறைவு. பாடமும் பெரும்பாலும் சமூகவியலோடு சேர்ந்துதான் வரும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் படிக்கலாம். ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் உண்டு. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஒன்றாக இருந்து பார்ப்போம்.

ஆனால் இந்தப் படிப்பு எதற்கு என்று நம்முடைய ஊரை வைத்தே சொல்லலாம். டென்னிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் 1969இல் கிழக்குக் கரையில் உள்ள அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள தாய்வழிக் குடிமுறையை, அதாவது தாயின் வம்சம் பிள்ளைக்கு வரும் வழக்கத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தார். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் ஆகிய பொறுப்புகள் குடிவழியில் வருவதை நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். ஆனால் உட்கார்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர்?

2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். நம் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. புதிய வீடு கட்டிக்கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்று பல இடங்களில் புருஷன் பெயரையே பதிந்தார்கள். அம்மா தந்த வளவை (வீடும் காணியும்) இழந்த பெண்ணுக்குப் புதிய வீட்டில் உரிமை இல்லாமல் போனது. அந்தப் படிவத்தைத் தயாரித்த இடத்தில் இந்த வழக்கம் தெரிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டும், அக்கா. அந்த ஒருவராக உங்கள் மகள் இருக்கலாம்.

தொண்டு நிறுவனங்களின் கள ஆய்வு, அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி, ஆசிரியத் தொழில், இவைதான் வழக்கமான வழிகள். ஆனால் பட்டத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆங்கிலமும் சிங்களமும் கட்டாயம். சிங்களம் தெரியாமல் நல்ல வாய்ப்பை விட்ட பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கணினியில் தரவு அலசவும் முதல் வருடத்திலேயே பழகட்டும்.

சரி, முடிவெடுக்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த விடுமுறையில் ஒரு கொப்பியோடு அவளை அம்மம்மாவிடம் அனுப்புங்கள். குடி, கலியாணம், வளவு யார் கைமாறி வந்தது எல்லாம் கேட்டு எழுதட்டும். இரண்டு நாளில் சலித்தால் வேறு பாடம் பார்ப்போம். இன்னொரு கொப்பி வேண்டும் என்று கேட்டால், அன்றைக்கே எனக்குக் கோல் எடுங்கள்.